பாலத்தோடு திரும்பிய வண்டி

இன்று காலை ஆஸ்பத்திரியில், மார்பைப் படமெடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். சீட்டு எழுதும் பெண் வீடு எங்கே என்று கேட்டாள். ஊட்டி பஜாருக்குப் பின்சந்து என்றேன். "அட, பக்கம்தானுங்க அக்கா! நடந்தே வந்திருப்பீங்க" என்று சிரித்தாள். நடந்துதான் வந்திருந்தேன். அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தவள், அது ஆறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தப் 'பக்கம்தான்' என்ற சொல்லைக் கேட்டதும் நினைவில் நீ வந்துவிட்டாய்.

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இருந்தவரை உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கூடலூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அதன்பிறகு நீ ஓவேலி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாய். நான் நிக்காஹ் முடிந்து ஊட்டிக்கு வந்து, என் வீட்டுக்காரரின் நூல், பட்டன் கடைக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, உங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் ஒரு தடவை, ஜாக்கெட் துணியோடு வந்துவிடுவாய். "கூடலூர்ல டெய்லரே இல்லையாமா?" என்று அவர் கேலி செய்வார். "இருக்காங்க அண்ணே. ஆனா அவங்களுக்கு என் கதை தெரியாதுங்களே" என்பாய். உனக்கு அளவெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அதில் டேப்புக்கு வேலை ஐந்து நிமிஷம்தான்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அது நடந்தது. ஒரு தீபாவளிக்கு முன்னால், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப் இடது பக்கம் பட்டதும் நீ லேசாக முகம் சுளித்தாய்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் லூசா வுடு புள்ள. கொழுந்துப் பை வாரு உராஞ்சு உராஞ்சு கட்டியாட்டம் ஆயிருச்சு."

"வெந்நீர் ஒத்தடம் குடுடி" என்றேன். இடது பக்கம் அரை இஞ்ச் கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். அதோடு சரி. பேச்சு உன் மகள் சுமதியின் பிரசவத்துக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து எங்கள் சந்துக்கு நர்ஸம்மாக்கள் வந்தார்கள். நாற்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து மார்பைப் படமெடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைகடையாகச் சொல்லிப் போனார்கள். இரண்டு ஜாக்கெட்டுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் நான் போனேன். எனக்கு வலியில்லை, கைக்கு ஒன்றும் தட்டுப்படவுமில்லை. படத்தில் மட்டும் மிளகளவு ஏதோ தெரிந்தது. பதினோராம் நாள் கோயம்புத்தூரில் ஆபரேஷன். "நல்ல நேரத்துல வந்துட்டீங்கம்மா. தானா தெரியற வரைக்கும் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றார் டாக்டர். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் அரை இஞ்சை நினைத்தேன். வார்டிலிருந்தே உனக்குப் போன் செய்தேன்.

"எனக்கு இப்ப வலியே இல்ல புள்ள. நீ உன் உடம்பப் பாரு."

"வலிக்காததுதான் மோசமாம்டி. எனக்கு வலிச்சுதா? நாளைக்கே கெளம்பி வா."

"நாளைக்கேன்னா எப்பிடி? கொழுந்து சீசன். லீவு கேக்கணும்ல?"

உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் படமெடுக்கும் மெஷின் இல்லை என்று சொல்லி ஊட்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். லீவு கிடைத்த அன்று நீ கிளம்பினாய். விடியும்போது ரோட்டில் யானை நிற்குமென்று முதல் ஜீப் ஏழு மணிக்கு முன்னால் எடுக்கமாட்டார்கள். கூடலூர் வந்து, பஸ் பிடித்து, மலையேறி, நீ இங்கே வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. படம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதுவும் காலையில் டோக்கன் வாங்கினவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நீ வந்தது வியாழக்கிழமை. நான் கரண்ட் வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, கோயம்புத்தூரில் இருந்தேன். பூட்டியிருந்த என் கடை வாசலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு நீ திரும்பிப் போனதை, பக்கத்துப் பழக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார். நீ சொல்லவில்லை.

நேரமானாலும் கெஞ்சி டோக்கன் வாங்கிவிடலாம் என்று, அடுத்த தடவை ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துக் கிளம்பினாய். ஆடி மழை. வழியில் நடுவட்டத்துக்குக் கீழே மண் சரிந்து, பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு, மெஷின் வைத்த வண்டியே ஓவேலிக்கு வரப்போகிறது என்று எஸ்டேட்டில் அறிவித்தார்கள். அன்று சாயங்காலம் நீ போனில் அதைச் சொன்ன விதம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"வேலைக்குப் பேரு குடுக்கற மஸ்டர்ல இருபது பொம்பளைங்க வரிசையா நின்னோம் புள்ள. எல்லாரும் குளிச்சு, பவுடர் போட்டு, வெளுத்த சேல கட்டிக்கிட்டு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி! மணி ரெண்டாச்சு. அப்பறம் ஒருத்தன் பைக்ல வந்து சொல்றான், வண்டி பாலம் வரைக்கும் வந்துச்சாம், அதுக்கு மேல ரோடு அரிச்சுப் போய்க் கெடக்கு, டயர் எறங்கிரும்னு திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"பாலம் வரைக்கும் நடந்து போயிருக்கலாமேடி!"

"போனோமே. நாங்க போறப்ப டயர் தடம்தான் இருந்துச்சு."

நீ சிரித்தாய். அடுத்த லயத்து வீட்டு அக்கா ஒருத்தி, துணியைக் கழற்றாமல் தப்பித்தோம் என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாளாம், அதையும் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பின் நடுவில் உனக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நிற்க நேரமானது.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. மருந்து ஏற்றியதில் தலையில் முடியெல்லாம் கொட்டியிருந்தது, முக்காடு மறைத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிக் கூடலூர் இறங்கி, ஜீப் பிடித்து உன் லயத்துக்கு வந்தேன். ஊட்டிக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த வழியை முழுதாக நான் போனது அன்றுதான். ஜீப் குலுங்கிய குலுக்கலில் ஆபரேஷன் தழும்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை நீ இதில் வந்துதான் என்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறாய்.

வாசலில் என்னைப் பார்த்ததும், "சீக்காளி, சீக்காளியப் பாக்க வந்திருக்கு" என்றாய். மெலிந்திருந்தாய். நான் தைத்த ஜாக்கெட் வலது பக்கம் தொளதொளத்தது. இடது பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தது.

அன்றே உன்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் டோக்கன் வரிசையில் நாம்தான் முதல். படம் பார்த்த டாக்டரம்மா உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசப்போனார். நீ எழுந்திருக்கவில்லை. "எங்கிட்டயே சொல்லுங்கம்மா. நான்தானே வந்திருக்கேன்" என்றாய். அவர் சொன்னார். கக்கத்துக்குப் போய்விட்டது, நுரையீரலையும் பார்க்க வேண்டும், மருந்து கொடுக்கலாம், முழுதாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது. அதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாய், சூப்பர்வைசர் அன்றைய வேலையைச் சொல்வதைக் கேட்பவள் மாதிரி.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டாய்.

"ஒனக்குக் கண்டுபிடிச்சு ஆபரேசன் பண்ண எத்தன நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"எனக்கு ஒரு தீவாளி, ஒரு திருவிழா, ஒரு மழக்காலம்." கிளாஸைக் கீழே வைத்தாய். "ஊர்லதான் இருந்தேன் புள்ள. எங்கயும் ஓடிப் போகல."

அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த அரை இஞ்சைப் பற்றி அப்போது உன்னிடம் சொன்னேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும், உன்னை நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்றேன். "நீ டெய்லருதானே, டாக்டரா?" என்று என் கண்ணை உன் முந்தானையால் துடைத்துவிட்டாய். அக்கம்பக்கம் நின்றவர்கள், எனக்குத்தான் வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

கோயம்புத்தூரில் நான்கு தடவை மருந்து ஏற்றினார்கள். ஐந்தாவதுக்கு உன் உடம்பு இடம் கொடுக்கவில்லை. மார்கழிப் பனியில், சுமதியின் குழந்தை உன் பக்கத்தில் படுத்திருக்க, உன் லயத்திலேயே போய்விட்டாய். நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வழி அப்படி.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் பின்னால் துணிமூட்டை அடைத்து வைத்திருந்த அறையைக் காலி செய்தேன். ஒரு கட்டில், இரண்டு கம்பளி, வெந்நீர் போட ஒரு ஸ்டவ். அளவெடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் இப்போது கேட்டுவிடுகிறேன், கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. கோபித்துக்கொண்டு வேறு டெய்லரிடம் போனவர்களும் உண்டு. பந்தலூர், ஓவேலி பக்கத்திலிருந்து படமெடுக்க வருகிறவர்கள் திங்கட்கிழமை சாயங்காலமே வந்து அந்த அறையில் தங்கிக்கொள்கிறார்கள். காலையில் நான் கூட்டிப் போய் வரிசையில் நிற்க வைக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போன மாதம் சுமதி வந்தாள். அம்மாவுக்கு இருந்ததால் அவளுக்கும் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வரவைத்தேன். உன் நடை, உன் சிரிப்பு. செவ்வாய்க்கிழமை காலை பார்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லை, வருஷம் ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்து நிறைய நேரம் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரையும் ஜன்னலையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இந்த ரூம் அம்மா வந்தப்பவும் இருந்துச்சா சின்னம்மா?"

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. குழந்தை கேட்பது போலத்தான் கேட்டாள். நான் கோயம்புத்தூரில் இருந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆபரேஷனைச் சொல்லியிருக்கலாம், துணிமூட்டையைச் சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, அடுத்து வருகிறவர்களுக்காகக் கம்பளியை உதறி மடித்து வைத்துவிட்டு, ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கட்டிலுக்குப் படுக்கை விரிக்கும்போது, எனக்கு அவள் கேட்டதுதான் கேட்கிறது.