வண்டி என் பேரில்

14 ஜனவரி 2019, தலச்சேரி

என் சாமான் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். பதினொன்றே கால் கிலோ. பைக்கின் இடது பெட்டி எனக்கு, வலது என் வீட்டுக்காரர் ஷினோஜேட்டனுக்கு. ஆளுக்கு ஒன்பது கிலோதான். சுரிதார் இரண்டைக் கழித்தேன். ஏட்டன் எட்டிப் பார்த்து, "பிரஜி, அந்த ஊறுகாய் டப்பாவ எடு. ஆர்மீனியாக்காரன் பட்டினி போட மாட்டான்" என்றார். எடுக்கவில்லை.

வண்டி கொச்சியிலிருந்து கப்பலில் துபாய். பிறகு ஈரான், ஆர்மீனியா, ஜார்ஜியா, துருக்கி. வழி, விசா, எந்த ஊரில் எத்தனை ராத்திரி - எல்லாம் மூன்று வருஷமாக பேங்க் விட்டு வந்து நான் உட்கார்ந்து போட்டது. மே முடிவதற்குள் ஈரானைத் தாண்டணும், இல்லையென்றால் வெயில் வறுத்துவிடும். அதனால் ஏப்ரலில் கிளம்புகிறோம்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், குழந்தை இல்லை. இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போதுதான் ஏட்டன் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

2 பிப்ரவரி

மாமியாருக்குத் தாங்கவில்லை. "உங்க வயசுல எல்லாரும் மூகாம்பிகைக்குப் போறாங்க. நீங்க ரெண்டும் ஈரானுக்குப் போங்க." சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

19 பிப்ரவரி

ஏட்டன் மத்தி மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். ஹெல்மெட் கம்பெனி ஒன்று செலவை ஏற்கிறதாம். வழியெல்லாம் வீடியோ எடுத்துப் போடணுமாம்.

"நல்லதுதானே?" என்றேன்.

"ஒத்தை ஆள்தான் வேணுமாம். ஜோடியா போனா ஹனிமூன் மாதிரி இருக்கும்னு சொல்றாங்க."

"வேணாம்னு சொல்லிட்டீங்கல்ல?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

20 பிப்ரவரி

போகிறாராம். தனியாக.

7 மார்ச்

வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக கார்னே என்று ஒரு புத்தகம் வேண்டும், வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி. ஏட்டன் தன் பேரில் எழுதிப் போட்டிருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி என் பேரில் இருக்கிறது!

மறந்தே போச்சாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போது அவர் மஸ்கட்டில். இந்த ஊரில் வளைகுடாவில் இருக்கிறவன் வாங்குகிற எல்லாம் பெண்டாட்டி பேரில்தான் நிற்கும். ஊரே 'ஷினோஜின் வண்டி' என்றது, அவரும் நம்பிவிட்டார்.

இப்போது ஒரு தாளை நீட்டுகிறார். வண்டியை இவரிடம் கொடுத்தனுப்ப எனக்குச் சம்மதம். ஒரு வருஷத்துக்குள் அது நாடு திரும்பும், அதற்கு நான் பொறுப்பு.

மாமியார் அடுக்களைக்குள் இழுத்துப் போய், "கையெழுத்துப் போடாதே, மோளே" என்றார். அவரைப் பெற்ற அம்மாவே சொல்கிறார்.

8 மார்ச்

போட்டுவிட்டேன்.

போடாவிட்டால் வீட்டில் இருப்பார். அந்த முகத்தை வருஷம் பூரா யார் பார்ப்பது? பேனாவை எடுக்கும் முன் கேட்டேன்: "திரும்பி வருவீங்கல்ல?"

"வண்டி ஒரு வருஷத்துல வரலைன்னா மாட்டிக்கிறது நீ. வராம எங்கடி போவேன்?"

அந்த 'டி'யில் கரைந்துவிட்டேன். வெட்கங்கெட்டவள் நான்.

11 ஏப்ரல்

போனார். இடது பெட்டியில் கேமரா சாமான். என் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.

22 மே

ஈரான் எல்லையிலிருந்து போன். "பிரஜி, கார்னேல எந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கொடுக்கணும்? இவங்க பேசுறது ஒண்ணும் புரியல." சொன்னேன். "சாப்டியா?" என்று கேட்கக்கூட நேரமில்லை, வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீடியோ வந்தது. மூன்று வருஷம் ராப்பகலா அவர் தனியா உக்காந்து போட்ட திட்டமாம் இது. இரண்டு தடவை பார்த்தேன். நல்லா இருக்கார், கறுத்திருக்கார்.

25 ஆகஸ்ட்

ஜார்ஜியாவிலிருந்து பேசினார். அங்கே பைக்கில் ஆட்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். துருக்கி இல்லை. இங்கேயும் வரப்போவதில்லையாம்.

"யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம்! நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வண்டியக் கப்பல்ல அனுப்பிடறேன், பிரஜி. உனக்கு ஒரு சிக்கலும் வராது. சொன்னா சொன்னதுதான்."

அதைத்தான் பெரிய நியாயமாகச் சொல்கிறான் பாவி. மாமியாரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர்தான் அதிகம் அழுதார்.

26 ஆகஸ்ட்

லீவு போட்டேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

3 டிசம்பர், கொச்சி

சுங்க ஆபீஸில் காலையிலிருந்து காத்திருந்தேன், மத்தியானம்தான் வண்டியைக் காட்டினார்கள். சக்கரத்தில் எந்த ஊர் மண்ணோ ஒட்டியிருந்தது. அதிகாரி எண்ணைச் சரிபார்த்தார், பெட்டிகளைத் திறந்து பார்த்தார். இரண்டும் காலி.

"ஓட்டிட்டுப் போனவர் எங்க, மேடம்?"

"வரலை."

"பரவாயில்ல, ஓனர் நீங்க இருக்கீங்களே." கார்னேயில் முத்திரை குத்தினார். "எல்லாம் ஒழுங்கா திரும்பி வந்துடுச்சுன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

எழுதி, கையெழுத்துப் போட்டேன்.