வெள்ளையடித்த முன்சுவர்

1. ஆடி 18: கரமனையாறு நம் தெருவுக்குள் புகுந்தது. உம் வீட்டு முன்சுவரில் முழங்காலுக்கு மேலே சேற்றுக்கோடு பதிந்தது.

2. ஆவணி 6: சட்டமன்றக் குழு தெருவைப் பார்வையிட்டது. அரை மணி நேரம்.

3. ஐப்பசி 11: ஆறு மறுபடி வந்தது. ஐப்பசி 26 அன்று நீர் கண்ணை மூடினீர்.

4. மார்கழி 25, இன்று: குழுவின் அறிக்கை என் கைக்கு வந்தது.

“தேதி போடாத குறை வெறும் புலம்பல், ஓய்” என்பீர். போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பின் நெடி ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தபோதுதான் அறிக்கையைப் பிரித்தேன். நம் தெருவுக்கு ஒரே வரி: ‘நேரில் பார்த்ததில் வெள்ளப் பாதிப்பின் தடயம் எதுவும் காணப்படவில்லை.’ அதனடியில், மசோதாவை அவசரமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற பரிந்துரை. மூன்று முறை படித்தேன்.

அந்த மசோதா உமக்கு மனப்பாடம். ஆற்றங்கரைகளை உயர்த்தவும், வெள்ள நாட்களில் வீட்டைவிட்டு நகர முடியாதவர்களை ஆள் வந்து அழைத்துப்போகவும் நிதி ஒதுக்கும் சட்டம். பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்து, தனியாக இருந்த நீர் சொன்னீர்: “மொதல் பகுதி தெருவுக்கு. ரெண்டாவது எனக்கு.”

ஆடி வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் சுவரைக் கழுவினோம். நீர் மட்டும் தொடவிடவில்லை. கோட்டின் உயரத்துக்குக் கைத்தடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டீர். பிறகு சிகிச்சைக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்; வீட்டுச் சாவி என்னிடம். அப்போதுதான் குழு வருகிறது என்று தகவல் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். வெளியார் வந்தால் நம் தெரு என்ன செய்யுமோ அதையே செய்தோம்: வாசல் தெளித்தோம், இழைக்கோலம் போட்டோம், இளநீர் வரவழைத்தோம். வரிசையில் உம் சுவர் மட்டும் அழுக்காக நின்றது. ஆளைக் கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொன்னேன்.

குழு வரும் அன்று காலையில் திரும்பி வந்தவர், ஆட்டோவிலிருந்து இறங்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

“விருந்தாளியா ஓய் வரா? சாட்சி கேக்க வரா. சாட்சிக்குப் போய் சுண்ணாம்பு அடிச்சுட்டீரே.” பிறகு சிரித்தீர். “போறது. இளநீராவது வழுக்கையா இருக்கட்டும்.”

குழுவில் ஒருவர் தெருவை ஒரு நோட்டம் விட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: “நல்ல சுத்தமான தெரு. ஆறு கேறின லட்சணமே இல்லையல்லோ.”

நீர் தடியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக் கீறலைக் காட்டினீர். “இதுவரைக்கும் வந்தது சார்.” அவர் உம் தடியைப் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்தார். புன்னகைத்தார். இளநீரைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஐப்பசியில் நண்பகலில் தண்ணீர் ஏறியபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். தெருவுக்குள் வர எனக்கு மாலையாகிவிட்டது. அதுவரை அந்த நீரிலேயே, கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர். அழைத்துப்போக யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று சட்டம் இல்லை. அடுத்து வந்தது எலிக்காய்ச்சல்.

வெள்ளையடித்தது நான். இன்று காலைவரை அதை ஒரு மரியாதைப் பிழையாகவே நினைத்திருந்தேன். அதுவே அரசாங்கத்தின் வாக்கியமாக அச்சாகி வந்திருக்கிறது. என் பங்கை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதர் நின்று காட்டிய அளவைவிட ஒரு கூடை சுண்ணாம்பை நம்பியவர்கள் தங்கள் பங்கைச் சொல்லட்டும்.

பக்கத்து வீட்டில் வேலையை முடித்தவர் சற்று முன் உம் வாசலைக் காட்டிக் கேட்டார்: “அந்தச் சுவரையும் அடிச்சிரட்டா சாமி?” வேண்டாம் என்றேன். ஐப்பசிக் கோடு அங்கேயே இருக்கிறது. உம் தடி இப்போது என்னிடம், வைத்துப் பார்த்தேன். கீறலுக்கு ஒரு சாண் மேலே.

இம்மடலின் நகல் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இன்றே பதிவுத் தபாலில் போகிறது. அவர்களுக்கு: வரும் கூட்டத்தொடரில் மசோதாவை, இரண்டு பகுதிகளையும் சேர்த்து, நிறைவேற்றுங்கள். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். தை 20, மாலை ஐந்து மணிக்குள். இவர் பெயருக்கு, இவர் வீட்டு முகவரிக்கு. கையெழுத்திட்டு வாங்க, அந்தச் சுவரருகே தடியோடு நான் நின்றிருப்பேன்.