பசிக்காத எட்டு நாள்

ஞாயிறு இரவு

உடம்பு மெலியும் என்று மகன் இலண்டனிலிருந்து அனுப்பிய கீட்டோன் தூளை எட்டு நாளாகக் கரைத்துக் குடிக்கிறேன். பசியே எடுப்பதில்லை. மனம் உற்சாகமாக இருக்கிறது, வயலில் பாட்டுக்கூட வருகிறது. எனக்கிருக்கும் சீனி வருத்தத்துக்கு இது சரிவருமா என்று டொக்டரிடம் இன்னும் கேட்கவில்லை.

மனைவியோ, சோறு வேண்டாம் என்பதால் நான் கோபத்தில் இருப்பதாக நினைத்துவிட்டாள். சமாதானம் பேச இன்று கிரானிலிருந்து அவள் அண்ணனே வந்துவிட்டார்.

"என்ன மச்சான், தங்கச்சியோட என்ன கோவம்?"

"கோவமில்ல மச்சான், பசியில்ல." கரைத்து வைத்திருந்ததை நீட்டினேன். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இதக் குடிச்சா எனக்கும் கோவம் வரும்."

மனைவி கண்ணைத் துடைத்தாள். "என்ட கறி பிடிக்கல்லயாக்கும் எண்டு நினைச்சன்."

பசியில்லாமலே மூன்று அகப்பை சோறு தின்றேன். அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் குனிந்து எழுத முடியவில்லை.