ஒரு குண்டூசிக்கு நாலு ஓட்டை

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? எனக்கு இங்கே ஓட்டல் சலவை வேலையில் ஒரு குறையும் இல்லை.

நீ அனுப்பிய துப்பறியும் நாவலைப் படித்தேன். லிஃப்டுக்குள் பிணம் கிடக்கும் இடம் பிரமாதம். அதையே நினைத்துக்கொண்டு ஓட்டல் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டதில் விரலைச் சுட்டுக்கொண்டேன். சின்னக் கொப்புளம்தான், பதறாதே. ஆனால் நடுவில் இன்ஸ்பெக்டர் வளவளவென்று பேசியே உயிரை எடுக்கிறார். எனக்குப் பல் டாக்டர் மேல்தான் சந்தேகம்.

கடைசி அத்தியாயத்தைக் குண்டூசியால் குத்தி வைத்து, இருவரும் கொலைகாரன் யாரென்று ஊகித்துச் சொன்ன பிறகு சேர்ந்து பிரிப்பதுதானே நம் வழக்கம்? ஒரு தடவை குத்தினால் இரண்டு ஓட்டைதானே விழும்? இதில் ஒரு குண்டூசிக்கு நாலு ஓட்டை இருக்கிறது. பிரித்துப் படித்துவிட்டு மறுபடி குத்தியிருக்கிறாய். போதாததற்கு, "பழைய புத்தகக் கடைக்காரர் மூணாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சிட்டாருங்க, என்னா மூளை!" என்று எழுதியிருக்கிறாய். புத்தகம் விற்கிறவனுக்கு முடிவு தெரியாதா? அதற்குப் பெயர் மூளையா?

தீப்புண் களிம்பு ஒன்று அனுப்பு. அடுத்த புத்தகத்தில் இரண்டே ஓட்டைதான் இருக்க வேண்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை. நான் வந்ததும் சேர்ந்து பிரிப்போம். உனக்கும் முடிவு தெரியாத மாதிரி நடி, அது போதும்.

உன் வீட்டுக்காரன்