நிலைக்காத மேடு

அன்புள்ள அப்பா,

உங்கள் இளைப்பு இப்போது தேவலையா? தலவாக்கலையில் மழை விட்டதா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பாசிட்ரான் என்ற நுண்துகள் சோடியம் அணுவில் மோதும்போது, குறிப்பிட்ட ஆற்றலில் ஒரு கணம் அதோடு ஒட்டி நிற்கலாம். என் ஆய்வுக் கணக்கின் வரைபடத்தில் அது மேடாகத் தெரிந்தது. என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் வியாழக்கிழமை கூட்டத்தில் அதை அறிவிக்க இருந்தார். செவ்வாயன்று கணக்கை இன்னும் நுணுக்கமாகப் போட்டேன். மேடு இடம் மாறியது. உண்மையானதென்றால் நிலையாக நின்றிருக்கும், அப்பா.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் வெட்டிவிடுவார்களோ என்று அம்மா நிற்பாரே, அப்படித்தான் பேராசிரியர் அறை வாசலில் நின்றேன்.

"சேர், அது என்னோட பிழை."

"நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"சொல்ல பயமாத்தான் இருந்துச்சு சேர். சொல்லாம இருக்க அதைவிட பயமா இருந்துச்சு."

வரைபடத் தாளை மடித்து மேசையில் வைத்தார். கூட்டத்தில் பேசுவதில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் என் உதவித்தொகையை நீட்டிக்க அவர்தான் கையெழுத்திட வேண்டும். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

குளிருக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது உடனே போனை வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், அம்மா ரொட்டி தட்டும் இடத்தில் அப்படியே வைத்திருங்கள்; அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் போதும்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பிரேமினி