துதிக்கு நடுவே வந்த விளம்பரம்

மாப்ளே,

உன் கம்ப்யூட்டரின் மேல், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி போர்த்தி வைத்திருந்த துண்டைப் போன வாரம் நான்தான் எடுத்தேன். எடுத்ததும் நீ மெல்லும் வாசனைப் பாக்கின் மணம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, ஆனால் விசைப்பலகையின் இடுக்குகளில் அந்த மணம் அப்படியே இருக்கிறது. உன் நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்ததால் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். உன் நினைவால் மட்டும் வரவில்லை. நான் எதற்காக ஓடி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையில் வாழை மண்டிக்குக் கணக்கெழுதக் கிளம்பும்போது, இணையத்தில் நாம் நடத்தும் சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. கூடலூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கணவர் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிறவர். "ஐயா, நீங்க போட்டிருந்த நம்பருக்குப் பேசினேன். எங்க வீட்டுக்காரர் உயிருக்கு ஆபத்துன்னு சொல்றாக. பரிகாரத்துக்குத் தாலிச் செயினைக் கழட்டி அனுப்பச் சொல்றாக. அனுப்பலாமா?"

நான் எந்த நம்பரையும் போடவில்லை, மாப்ளே.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே பக்கத்தைத் திறந்தேன். எழுதுவதற்காக உள்ளே போகும்போது விளம்பரம் எதுவும் கண்ணில் படாது. வாசகனாக நம் பக்கத்தைத் திறந்து எத்தனை நாளாயிற்றோ! சனீஸ்வரர் துதியின் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. நீலமும் கறுப்புமாக, நம் பக்கத்தின் அதே நிறம். ஒரு காகத்தின் படம். "உங்கள் கணவருக்கு ஏழரைச் சனியா? உயிருக்கு ஆபத்து! உடனே அழையுங்கள்." மூலையில் எறும்பு அளவுக்கு 'விளம்பரம்' என்று ஒரு சொல். பயத்தோடு வருகிறவர் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"ஒன்றும் அனுப்பாதே அம்மா, அது நான் எழுதியதில்லை, இந்த எண்ணில் என்னைக் கூப்பிடு" என்று பதில் போட்டேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை. மண்டிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, உன் வீட்டுக்கு வரக் குச்சனூர் பேருந்தில் ஏறினேன். வழி முழுக்க அந்தச் செயின் கழுத்தில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்பதுதான் மனதில் ஓடியது.

நம் முதல் சண்டையே விளம்பரத்தால்தானே வந்தது? சின்னமனூரில் உன் கம்ப்யூட்டர் சென்டரில் நீ பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தாய், நான் எழுதினேன். குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயில் நடைதிறக்கும் நேரம், எள் தீபம் ஏற்றும் முறை, வாராவாரம் ஒரு துதியும் அதற்கு உரையும். படிக்கிறவர்கள் பெருகியதும் விளம்பரம் போடலாம் என்றாய். நான் கோபத்தில் குதித்தேன்.

"சாமிக்குப் பக்கத்துல சோப்பு விளம்பரமாடா? வெளங்கிரும்."

நீ பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரித்தாய். "ஏன் மாப்ளே, கோயில் வாசல்ல பூக்கடை இல்லையா, தேங்காக்கடை இல்லையா? வாசல்ல இருந்தாச் சரி. சன்னதிக்குள்ள வந்து கூவுனாத்தான் தப்பு."

ஒத்துக்கொண்டேன். அதில் வந்ததைக் கொண்டு பக்கத்தின் வாடகையைக் கட்டினாய். மிச்சத்தில் சனிக்கிழமை வரிசையில் வெயிலில் நிற்பவர்களுக்கு மோர் ஊற்றினாய். அந்த மோரைக் குடித்தவர்கள் யாருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

உன் சென்டருக்கு எதிரே பூக்கட்டும் அக்காவை நீ கூப்பிட்டு உட்காரவைத்த நாளும் நினைவுக்கு வந்தது. அப்போது துதியின் தொடக்கத்திலேயே ஒரு விளம்பரம் இருந்தது. உன் போனை அக்கா கையில் கொடுத்து, "படிச்சுக் காட்டுக்கா" என்றாய். அக்கா கட்டைவிரலால் தள்ளினாள். விரல் விளம்பரத்தில் பட்டு, ஏதோ சேலைக்கடையின் ஆட்டமும் பாட்டும் அலறிக்கொண்டு திறந்தன. அக்கா போனை மேசையில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா! ஏலே, சாமி போயிருச்சேடா!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று மாலையே விளம்பரத்தை உரைக்குக் கீழே, விரல் தவறிப் படாத தூரத்துக்குக் கொண்டுபோனாய். அதன் பிறகு அது அங்கேதான் இருந்தது. அதை நீ ஒவ்வொரு நாளும் அங்கே பிடித்து வைத்துக்கொண்டிருந்தாய் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

உன் வீட்டு வாசலில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தங்கச்சி பயந்துவிட்டாள். "என்னண்ணே, யாருக்கு என்ன?"

சொன்னேன். அவள் உடனே கம்ப்யூட்டரைக் காட்டினாள். விளம்பரக் கணக்கு உன் பெயரில்தானே இருக்கிறது? திறந்ததும் வரிசையாக அறிவிப்புகள். பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் நாங்களே விளம்பரம் வைத்துக்கொள்ளலாமா என்று விளம்பரம் தரும் நிறுவனம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நீ ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்று பதில் கொடுத்திருக்கிறாய். நீ போன பிறகு வந்த அறிவிப்புக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மறுப்பு வராததால் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

மாற்றப் போனால் ஓடிபி கேட்டது. உன் எண்ணுக்கு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. இல்லாதவன் எண்ணுக்கு வந்ததை எங்கே போய் வாங்குவது?

தங்கச்சி உள்ளே போனாள். உன் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். அதில் வெளிச்சம் இருந்தது.

"நம்பரை விட மனசு வரலண்ணே. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கேன். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் அழுத்தி, அந்த நிறுவனத்துக்கு உன்னைப் போலவே 'வேண்டாம்' என்று பதில் கொடுத்தேன். துதிக்கு நடுவிலிருந்த காகம் போயிற்று. அந்த ஜோதிடக்காரர்கள் மாதிரி எவரும் இனி வராதபடி அந்த வகை விளம்பரத்தையே தடுத்துவைத்தேன்.

ஆனாலும் கூடலூரிலிருந்து பதில் இல்லை. தங்கச்சி கொடுத்த காப்பி ஆடைகட்டிப் போயிற்று. வெயில் உச்சிக்கு ஏறியபோதுதான் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஐயா, நாந்தான் எழுதினது. கழட்டிக் கையில வச்சிருக்கேன். கொரியர்காரன் வாரான்னு அவுக அவசரப்படுத்துறாக."

"போட்டுக்கம்மா. முதல்ல அதக் கழுத்துல போட்டுக்க. அது விளம்பரம். எவனோ காசு கொடுத்துப் போட்டது. நான் சொன்னதில்ல."

அந்தப் பக்கம் செயின் உரசும் சத்தம் கேட்டது. பின்னால் எங்கோ ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு கேட்டாள்: "அப்ப அதுல நீங்க சொன்னது எதுய்யா?"

மாப்ளே, என்னை நம்பித்தானே அவள் அந்த எண்ணை அழைத்தாள்? துதியை மட்டும் ஒரு தடவை படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். உன் மேசையருகே உட்கார்ந்து போனில் அதைப் படித்தேன். தங்கச்சி கதவோரம் நின்று கேட்டாள். முடிந்ததும், "இதுல ஆபத்துன்னு ஒண்ணும் இல்லையேய்யா" என்றாள் அந்தப் பெண். "இல்லம்மா. காப்பாத்துன்னு கேக்குற பாட்டு இது." அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

போனை வைத்ததும் மொத்த விளம்பரத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். தங்கச்சி தடுத்தாள்.

"எடுத்துட்டா பக்கத்தை எப்படிண்ணே ஓட்டுவீக? மோரு வேற இருக்கு. அவரு போன பின்னால கோயில் வரிசையில நாந்தான் ஊத்துறேன். கீழ இருக்குறது கீழயே கெடக்கட்டும். அது வேற, இது வேறன்னு படிக்கிறவகளுக்குத் தெரியணும், அவ்வளவுதானே?"

யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினோம். உரை முடிந்ததும் பெரிய எழுத்தில் இப்போது இப்படி வரும்: 'நான் எழுதியது இங்கே முடிந்தது. இதற்குக் கீழே இருப்பவை விளம்பரங்கள். அவற்றை நான் சொன்னதாக எண்ண வேண்டாம்.' பக்கத்தின் அழகு கெட்டுவிட்டது என்று நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

இதெல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் எத்தனை பேர் அந்த எண்ணை அழைத்தார்களோ, பின்னூட்டம் போடத் தெரியாமல் எத்தனை பேர் எதைக் கழற்றிக் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் பழைய உரைகளையும் திறந்து பார்த்தேன். 'இது கவனமாக இருக்க வேண்டிய காலம்' என்று எத்தனை இடத்தில் எளிதாக எழுதியிருக்கிறேன்! மலைப்பாதையில் புருஷனை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவள் அந்த வரியை எப்படிப் படித்திருப்பாள்? ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது தினமும் பக்கத்துக்கு வருகிறாள். காலையில், "அவுக வண்டி எடுத்துட்டுப் போயிருக்காக" என்று ஒரு வரி. பொழுது சாயும்போது, "வந்துட்டாக" என்று ஒரு சொல். நான் கேட்கவில்லை; அவளாகத்தான் போடுகிறாள். அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இருந்தும் மேற்கே மலைமேல் மேகம் கறுத்தால் மண்டியில் எனக்குக் கூட்டல் தப்புகிறது.

இன்று பொழுது சாய்ந்துவிட்டது, மாப்ளே. மலைப்பக்கம் மழை. அந்த ஒற்றைச் சொல் இன்னும் வரவில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.