நீ வெட்டிப்போட்ட தரை

அண்ணே,

இன்றைக்குப் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குள் நுழையும்போது குனிந்தேன். காய் பொறுக்க வந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஏக்கா, ஆனை நுழையிற வாசல் இது. இதுக்குப் போயிக் குனியிறியே, தலையில கொம்பு மொளைச்சிருக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். சுளகை மடியில் வைத்து உட்கார்ந்த பிறகுதான் உன் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. நல்ல காய் எது சொத்தை எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கங்காணி வைதான்.

நீ போன பிறகு ஊரில் எல்லாரும் உன்னை நல்லவன் என்றே பேசுகிறார்கள். வைவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மணலில் கிறுக்கிப் படித்த நாலு எழுத்து அதற்காவது உதவட்டும்.

குரங்கணிக்கு மேலே சரிவில் இருந்த நம் வீட்டுக்குள் குனியாமல் போனவர் யார்? மண்சுவர், புல் கூரை, இடுப்பை வளைத்தால்தான் உள்ளே விடுகிற வாசல். கட்டினவர்கள் குள்ளர்கள் இல்லை. வாசல் அப்படியேதான் இருந்தது, தரைதான் வருஷா வருஷம் ஏறிக்கொண்டு வந்தது. தை பிறக்குமுன் பழைய தரைக்கு மேலேயே செம்மண்ணைப் போட்டுத் தட்டி இறுக்கிச் சாணி மெழுகுவோம். ஒரு பெண் செத்தால் அவள் அடுப்பை நம் வீட்டில் இடிக்கமாட்டார்கள். அதன் மேல் மண்ணை மூடி, அடுத்தவள் தன் அடுப்பைப் போடுவாள். ஆத்தா அப்படித்தான் போட்டாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, ஆத்தா அடுப்பின் மேல் என் அடுப்பைப் போட்டேன். மண்ணைக் குழைத்துக் கொடுத்தது நீதானே.

காட்டுக்கு எல்லைக் கல் நட வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று மணியக்காரர் வந்து சொன்னார். வெகுகாலமாகக் குடியிருக்கிற வீடாக இருந்தால் வீட்டையும் தோட்டத்தையும் தொடமாட்டார்களாம், புதிதாக ஏறினவர்கள் மட்டும் கீழே இறங்க வேண்டுமாம். "நமக்கென்ன, நாம இங்கனக்குள்ள இருக்கிறது மலைக்கே தெரியும்" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதோடு நீ சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே மண்வெட்டியை எடுத்தாய்.

"என்னண்ணே செய்யிற?"

"துரை நம்ம வாசல்ல குனிஞ்சு வரவா தங்கச்சி? வீடு தேடி வர்ற ஆளு தலையில இடிச்சுக்கிட்டா நமக்கு என்ன மருவாதி? தரையை இறக்கப் போறேன்."

"ஆத்தா மெழுகின தரைண்ணே. கை வைக்காத."

"மண்ணுக்கு எதுக்கு அழுகிற? புதுத் தரை போட்டுத் தர்றேன், பாரு. வெரசா கூடையைக் கொண்டா."

அந்தத் தரை நமக்குச் சாட்சி சொல்லும் என்று எனக்கும் தெரியாது. அதை அழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். நீ வெட்ட வெட்ட அடுக்கடுக்காக வந்தது. செம்மண் ஒரு பட்டை, சாம்பல் ஒரு பட்டை, மறுபடி செம்மண். என் அடுப்பு போனது. அதன் கீழே ஆத்தாவின் அடுப்பு, அதற்கும் கீழே இன்னொன்று, உள்ளே கரி கறுப்பு மாறாமல். "இது யாரு அடுப்போ, இன்னமும் சூடு இருக்கான்னு தொட்டுப்பாரு" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கூடையில் அள்ளி ஓடைப் பள்ளத்தில் கொட்டினாய். அதோடும் விடவில்லை. புகை ஏறிக் கறுத்த கூரை மூங்கிலை உருவிப் போட்டுப் பச்சை மூங்கில் கட்டினாய். பொதிமாட்டில் சுண்ணாம்பு ஏற்றி வந்து சுவரை வெளுத்தாய்.

பக்கத்துச் சரிவு மாமா வந்து வேடிக்கை பார்த்தார். மனுஷன் ஒரு நாளும் தன் வீட்டுக் கூரையை ஏறிட்டுப் பார்த்ததில்லை. "என்ன மாப்ளே, துரைக்குப் பொண்ணு குடுக்கப் போறியா?" என்று கேட்டார். "உங்க வீட்டு ஒட்டடையைப் பார்த்துத் துரை ஓடிராம இருக்கணும்ல மாமா, அதுக்குத்தான்" என்றாய்.

துரை வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்தே உள்ளே நுழைந்தார். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை! பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. அவர் சுவரில் கை வைத்தார், உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது. பூட்ஸ் காலால் தரையை அழுத்தினார், பதிந்தது. கூரையைப் பார்த்தார். குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

"புது வீடுங்கிறாரு" என்றான் குமாஸ்தா.

"புதுசு மாதிரி வச்சிருக்கோம் சாமி. எங்க பாட்டன் பூட்டன் இருந்த வீடு."

"அதுக்கு இங்க என்னய்யா இருக்கு? ஒரு கரி உண்டா, ஒரு விரிசல் உண்டா?"

ஓடைப் பள்ளத்தில் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று நீ கெஞ்சினாய். பள்ளத்துக்கு யார் இறங்குவார்கள்? அவர்கள் அதற்குள் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே துரைக்கு நிலையில் தலை இடித்தது. தொப்பி ஒட்டடையோடு கீழே விழுந்தது. கறுத்த கூரையைப் பார்த்துவிட்டு, இது பழைய வீடு, இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த ஒட்டடையும் இருக்கும். துரை கண்ணுக்கு அழுக்காக இருந்தால்தான் பழசு. துடைத்து மெழுகி வாழ்ந்தவர்கள் நேற்று வந்தவர்கள். மனுஷன் வாயால் சொல்வதைக் கேட்கமாட்டார்களாம், சுவரைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்களாம். அந்த அநியாயத்துக்கு நான் யாரிடம் போக?

நாம்தான் அடிவாரத்துச் சிலமலைக்கு இறங்கினோம். சொந்தத் தோட்டத்தில் ஏலக்காய் பறித்த நீ, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் கூலிக்குப் போனாய். காய்ச்சலோடு திரும்பி வந்தாய். கடைசி நாளில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து கேட்டாய்: "அந்தத் தரை நல்லாத்தானே தங்கச்சி வந்துச்சு?"

கேட்பதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா உனக்கு?

"நல்லா வந்துச்சுண்ணே" என்றேன். செத்துப்போகிறவனுக்காகச் சொன்ன பொய் என்றால் மனசு ஆறியிருக்கும். அது பொய் இல்லை. கண்ணாடி மாதிரித்தான் போட்டிருந்தாய். அதனால்தான் இந்த ஆத்திரம் தீரமாட்டேன் என்கிறது.

போன ஆடியில் ஒருதரம் மேலே ஏறிப் பார்த்தேன். கூரை இல்லை, சுவர் கரைந்து முழங்கால் உயரம் நிற்கிறது. உன் தரையில் புல் முளைத்திருக்கிறது. ஓடைப் பள்ளத்தில் மழை அறுத்த இடத்தில் நீ கொட்டின மண் தெரிந்தது. ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, சிவப்பு. ஒரு பக்கத்தில் விரல் தடம் இருந்தது, மெழுகின விரல். ஆத்தாவுடையதா, அவளுக்கும் முந்தின ஒருத்தியுடையதா, தெரியவில்லை. மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். சிலமலை வந்து அவிழ்த்தால் வெறும் புழுதி. உதறிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, இனி எந்த வாசலிலும் குனியக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாசல் உயரமாக இருந்தும் குனிந்துதான் நுழைந்தேன். நம் வாசல் இருந்த உயரம் இப்போது என் கழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. எந்தத் துரையும் வந்து அதைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. நீயும் மண்வெட்டியோடு வரமுடியாது.

அவளுகள் சிரிக்கட்டும். நாளைக்கும் குனிவேன்.